செயலமர்வு

வீட்டில் சொன்னது: இரண்டு நாள் செயலமர்வு, கொழும்பில்.
வெள்ளி அரைநாள் லீவுக்கு அலுவலகத்தில் சொன்னது:
மாமிக்குக் கண் சத்திரசிகிச்சை.
இரண்டும் இல்லை என்று தெரிந்த ஒரே ஆள்
கோட்டை ரயில் நிலையத்தில்
பாதி கடித்த மாலுபாணோடு நின்றாள்.

"மெலிஞ்சு போனாய்" என்றாள் டெலிஷியா. பொய்.
"நீயும்தான்." அதைவிடப் பெரிய பொய்.
அதோடு பொய்க் கணக்கை மூடினோம்.

அவள் பேசாலை. நான் வவுனியா.
நடுவில் நூறு கிலோமீற்றர், நாலு பிள்ளைகள், இரண்டு மாமிமார்.
அந்த நூறுக்குள் எங்கே சந்தித்தாலும்
யாராவது ஒரு சித்தப்பா சைக்கிளில் வந்துவிடுவார்.
ஆகவே கொழும்பு.

வெள்ளவத்தையில் எடுத்த அறைக்குக் கடற்காட்சி உண்டாம்.
உண்டுதான்:
குளியலறையில் வாளியைக் கவிழ்த்து
அதன்மேல் ஏறி
யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டால்.
மாறி மாறி ஏறினோம்.
ஆளுக்கு ஐந்து நிமிடக் கடல்.
என் முறையில் வாளி வெடித்தது.
வாடகையோடு அறுநூறு ரூபா கூடியது.
நிலத்தில் கிடந்த என்னைத் தூக்காமல்
சுவரைப் பிடித்தபடி சிரித்தாள்,
விடுதிப் பெடியன் கதவு தட்டும்வரை.

சனி காலை புறக்கோட்டை.
"செயலமர்வு எண்டால் கையில ஒரு ஃபைல் வேணுமடி."
நீலத்தில் ஒன்று.
நூற்றியெண்பது என்றான் நடைபாதைக்காரன்.
டெலிஷியாவின் சிங்களத்தில் எண்கள் மட்டும் சறுக்கும்.
இருநூறுக்கு மேல் ஒரு சதமும் தரமாட்டேன் என்று
இடுப்பில் கை வைத்து நின்றாள்.
அவன் என்னைப் பார்த்தான்.
நான் வானத்தைப் பார்த்தேன்.
இருநூறை வாங்கிக்கொண்டு
ஒரு பேனை சும்மா தந்தான், நல்ல மனிசன்.

அந்தப் பேனையால்தான்
காலிமுகத்திடலில் குந்தியிருந்து அறிக்கை எழுதினாள்.
பட்டங்கள் ஒன்றையொன்று அறுத்துக்கொண்டிருந்தன.
ஒரு குடைக்குள் இரண்டு சோடிக் கால்கள்.

"மாலை 6.10.
விடயம்: வடையிலுள்ள இறால் எங்களைப் பார்க்கிறதா?
கலந்துரையாடலின் பின் தீர்மானம்: பார்க்கிறது.
இரண்டாவது வடை கண்ணை மூடிக்கொண்டு உண்ணப்பட்டது.
வாலும்."

காற்று தாளைப் பறித்தது. துரத்தினோம்.
முப்பத்தெட்டு வயதில் இரண்டு பேர்
ஒரு தாளுக்குப் பின்னால் ஓடினால்
போலீஸ்காரரும் காலை நீட்டி மிதித்துத் தருவார்.
தந்தார். அறிக்கையில் சப்பாத்துத் தடம்.

இரவு, கொத்து ரொட்டிப் பொதியை
கட்டிலில் பிரித்து வைத்துச் சாப்பிட்டோம்.
கறி மணக்கிற விரலால் தலையணையைத் திருப்பிப் போட்டு,
சட்டென்று, மின்விசிறியைப் பார்த்தபடி
ஏதோ சொல்லத் தொடங்கினாள்.
கரையோரக் கடைசி ரயில் அப்போதுதான் வந்தது.
கண்ணாடிக் குவளை மேசையில் நடந்தது.
"...எண்டுதான் நினைக்கிறன்" என்பது மட்டும்
எனக்குக் கேட்டது.
திருப்பிச் சொல் என்று நான் கேட்கவில்லை.
அவளும் சொல்லவில்லை.
காலை நீட்டி என் காலின்மேல் போட்டாள்,
விடுதி நாட்களில் போடுவதுபோல, அதே பாரம்.
நான் தள்ளவில்லை.

ஞாயிறு பத்தரைக்குத்தான் கண் திறந்தோம்.
பூசை போயிற்று.
"அந்தோனியார் தொலைஞ்சதைக் கண்டுபிடிச்சுத் தாறவர்,
இண்டைக்கு மட்டும் எங்களைத் தேடாமல் விடட்டும்"
என்று சிலுவை போட்டுவிட்டு மறுபடி படுத்தாள்.

பிரிகிற நேரம் ஃபைலை என் பைக்குள் திணித்தாள்.
"உனக்குத்தான் வீட்டில சோதனை கூட."

திங்கட்கிழமை விடிய
தேத்தண்ணியோடு அவர் அதைத் திறந்துவிட்டார்.
நான் பாணுக்கு வெண்ணெய் பூசினேன்,
பூசிய பக்கத்திலேயே திரும்பவும் பூசினேன்.
முதல் தாள். சப்பாத்துத் தடம். எண்ணெய்ப் பொட்டு.
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
மீசை அசைந்ததா, தெரியவில்லை.

"வளவாளர் ஆர்?" என்று மட்டும் கேட்டார்.

எனக்குப் புரைக்கேறியது.